சத்தமில்லாமல் நகர்ந்த சோபா

பெரிய சோபாவின் ஒரு முனையை என் மனைவி பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்து இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். ஜன்னலோரம் கிடந்த சோபா டிவிக்கு எதிரே வந்தது. பிரம்பு நாற்காலிகள் இரண்டும் வாசல் பக்கம் போயின. அப்பா எப்போதும் உட்காரும், கைப்பிடி வைத்த மர நாற்காலியை ஜன்னலுக்குத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் கண்ணாடி டீப்பாயைப் போட்டோம். டீப்பாயை அங்கே போடும்படி அவள் சொல்லவில்லை. அது என் யோசனை.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்பது அவள் கட்சி. போன மாதம் எரிகிற அடுப்பின் மேலேயே கைத்துணியைப் போட்டுவிட்டார். டாக்டரிடம் கூப்பிட்டால் வரமாட்டார். அவள் ஒருநாள் நேராகவே கேட்டுவிட, மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“எனக்குக் கண்ணு தெரியலன்னு நிரூபிச்சுக் காட்டும்மா. அன்னைக்கே பெட்டியத் தூக்கிக்கிட்டு நானே அந்த இல்லத்துக்குப் போயிடறேன்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் பரம்பரைச் சொத்து. முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. மாதக் கடைசி வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவர் போய்விட்டால் தேவலை என்று எனக்கும் இருந்தது. ஆனால் பெற்ற அப்பாவைப் பார்த்து, ‘போங்கள்’ என்று சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது. நாற்காலிகள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்கு அப்பா வெளியே வந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவருகே ஒரு கணம் நின்றவர், டீப்பாயைச் சுற்றிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போய், மர நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பதான் வீடு வீடா இருக்கு. அந்த டீப்பாய மட்டும் தள்ளிப் போடும்மா, யாராவது இடிச்சுக்கப் போறீங்க.”

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏமாற்றம்தான் வந்தது.

சாயங்காலம் அவள் கடைக்குப் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பரீட்சையில் பிட் அடித்துத் தேறிய பையனைப் போலச் சிரிப்பு.

“சோபாவோட இடது கால்ல ரப்பர் தேஞ்சு கெடக்குடா. இழுத்தா கீச்சுன்னு கத்தும். என் நாற்காலி முனகும். நாப்பது வருஷம் சோபா தச்சவன்டா நான். படுத்த வாக்குலயே எது எங்க போச்சுன்னு கணக்குப் போட்டுட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “கண்ணு சுத்தமா போயிடுச்சுடா. வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. அவகிட்ட சொல்லிடாத, என்ன?”

“சொல்ல மாட்டேன்ப்பா” என்றேன்.

சொல்லவும் இல்லை. வார்த்தை தவறாத பிள்ளை நான். அடுத்த ஞாயிறு மதியம் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: “இன்னைக்குச் சத்தம் வராம நகத்தணும்.” அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. சோபாவின் கால்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டினேன். நான்கு காலுறைகள் வேண்டியிருந்தன. கொடியில் அப்பாவுடையவைதான் காய்ந்துகொண்டிருந்தன. சோபா சத்தமில்லாமல் சுவரோரம் போனது. மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தேன். ஜன்னலோரம், அது இருந்த இடத்தில், டீப்பாயைக் கைக்குழந்தையைப் போல மெதுவாக இறக்கினேன்.

அப்பா எழுந்து வந்தார். தலையை வாரி, சட்டையெல்லாம் மாற்றியிருந்தார். கதவருகே நின்று காதைச் சாய்த்தார்.

“என்னம்மா, இந்த வாரம் ஒண்ணையும் மாத்தலியா? தோத்துட்டியா?”

அவள் என்னைப் பார்த்தாள். அவரும் நான் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார். அந்தச் சிரிப்பில் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் இருந்தது.

“நீ சொல்லுடா. எல்லாம் அப்படியேதான இருக்கு?”

“அப்படியேதான்ப்பா இருக்கு.”

தலையை ஆட்டிக்கொண்டார். போன வாரம் நடந்த அதே வளைவில், இப்போது அங்கே இல்லாத டீப்பாயைக் கவனமாகச் சுற்றிக்கொண்டு, ஜன்னலுக்குப் போனார். எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாற்காலியின் கைப்பிடியைத் தேடி வலது கையைப் பின்னால் நீட்டியபடி, சிரித்த முகத்தோடு, முழங்காலை மடக்கினார்.