மணல்மேட்டில் ஒரு வேலி

புலம்பெயர்ந்து வந்து கிங்ஸ்பரியில் தனியே வசிக்கும் கணேசலிங்கம் பழக்கங்களை எளிதில் மாற்றாதவர். ரயிலில் ஏறினால் யன்னலோர இருக்கையை வெறுமையாக விட்டு, அதற்கடுத்ததில் அமர்வார். யன்னலோரம் மனைவி தவமலருக்கு உரியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இவ்வாறே அமர்ந்து கென்ற் கடற்கரையின் மணல்மேடுகளுக்குச் சென்று வருவார்.

தவமலரின் அஸ்தி அக்கடலில்தான் கரைக்கப்பட்டது. கரைக்கு மேலே, இருவரும் கட்டுச்சோறு உண்ட புல்தரையில், மஞ்சள் நிறச் சிறுபூக்கள் மண்ணை ஒட்டிப் பூத்திருக்கும். ஈராண்டுகளுக்கு முன், காட்டுமுயல்கள் அவற்றைக் கொறிக்கக் கண்டு அவர் பதறினார். காக்க வேண்டியதற்கு வேலி வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. மணல்மேடுகளைப் பராமரிக்கும் ஷெறோனிடம் அனுமதி கேட்டார். அவள் மன்னார்க் குடும்பத்துப் பெண்.

"கடற்கரைக்கு வந்தும் வேலி அடைக்காமல் விடமாட்டியள் என்ன, அங்கிள்?" என்று சிரித்தாள். "சரி, ஒரு துண்டுக்கு அடைச்சுப் பாப்பம்."

கம்பிவலைக்குள் முயல்கள் புகவில்லை. முதலாண்டில் பூக்கள் செழித்தன. பின்னர் புல் மெல்ல உயரத் தொடங்கியது; இவ்வாண்டு பூக்கும் காலமான வைகாசியில் வந்து பார்த்தபோதோ, வலைக்குள் முழங்காலளவு புல் மண்டிக் கிடந்தது. கணேசலிங்கம் குனிந்து விலக்கினார். அடியில் பழைய புல் சருகாகிப் பாய்போற் படிந்திருந்தது, பூ ஒன்றுமில்லை. வேலிக்கு வெளியே, முயல்கள் ஒட்டக் கொறித்த தரையெங்கும் மஞ்சள் பரந்திருந்தது.

"அதுகள் புல்லையும் சேத்துத்தானே தின்னுதுகள், அங்கிள்," என்றாள் ஷெறோன். "புல் உயர்ந்தால் இந்தச் சின்னதுகளுக்கு வெயில் இல்லை. வலையைக் கழட்டினால் பூ திரும்ப வரும்."

அவர் வலையின் மூலைக்கம்பத்தைப் பற்றியபடி நின்றார்.

"கழட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தானே கிடக்கும், பிள்ளை. அவ இருந்த இடம் எது எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

சற்றுத் தொலைவில் முயலொன்று தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கியது. கணேசலிங்கம் அது மேய்ந்து நகர்வதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு மேற்சட்டையைக் கழற்றி மடித்துப் புல்லின்மேல் வைத்தார்.

"குறடு இருக்கோ?" என்று கேட்டார். "நானே கழட்டுறன்."