அசைந்த ஜோடி

என் அண்ணி ஒரு பசைத் தொழிற்சாலையின் சோதனை அறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். இரண்டு தகடுகளுக்கு நடுவில் பசை தடவி, கிளிப் போட்டு, மூன்று நாள் வைத்திருந்து, பிறகு இயந்திரத்தில் மாட்டி இழுக்க வேண்டும். எவ்வளவு பலத்துக்குப் பிய்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கிளிப் போட்ட தகட்டின் பக்கத்தில் யாராவது தும்மினாலும் அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டிலும் அதே கறார்தான். நானோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், கத்துவது என் தொழில். பத்து வருடமாக ஒரே வீட்டில் ஒட்டியும் ஒட்டாமலும் காலத்தை ஓட்டினோம்.

அப்படிப்பட்டவருக்கு வயிற்றுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. எப்போதோ செய்த ஆபரேஷனின் தழும்பில் குடல் ஒட்டி மடங்கிவிட்டதாம். சர்ஜன் வயிற்றைத் திறந்து பிரித்துவிட்டார்.

"எழுந்து நடக்கணும்மா. படுத்தே கிடந்தா குடல் சோம்பேறி ஆயிடும், மறுபடி ஒட்டிக்கவும் செய்யலாம். காத்து பிரியணும், அதுதான் நமக்கு நல்ல சேதி" என்று முதல் நாளே சொன்னார்.

அண்ணி நடக்கவில்லை. நர்ஸ் வந்தால் தலைசுற்றல், நான் வந்தால் தூக்கம். மூன்றாம் நாள் மதியம் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. சர்ஜன் தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலை வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா மறுபடி திறக்க வேண்டியிருக்கும்" என்றார். அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால், கீழே காத்திருக்கும் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அண்ணி இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க?"

அண்ணி என்னை அருகே கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார். "உனக்குத் தெரியாது. மேலே தையலே இல்லை, பசை போட்டுத்தான் ஒட்டியிருக்காங்க. முழு பலம் வர எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடியுது. அதுவரைக்கும் அசைய மாட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தேன். அவர் இடுப்பில் கை வைத்து, "அது ரெண்டு மூணு நிமிஷத்துல காய்ஞ்சிடும்மா. உள்ளே தனியா தையலும் இருக்கு!" என்றார்.

"எந்தப் பசையும் ரெண்டு நிமிஷத்துல முழு பலத்துக்கு வராது" என்றார் அண்ணி. பதினெட்டு வருட அனுபவம் பேசியது.

நான் குரலை உயர்த்தினேன். "அண்ணி, உங்க தகடு காயுறதுக்குள்ள அசைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

"அந்த ஜோடியைத் தூக்கிப் போட்டுடுவேன். அசைஞ்சது சரியா ஒட்டாது."

"உங்க குடல் ஒட்டணுமா, ஒட்டக் கூடாதா?"

அண்ணி கூரையைப் பார்த்தார். "அடக் கடவுளே! மூணு நாளா கிளிப் போட்டு வெச்சிருக்கேனே!" என்று கையை நீட்டினார். "பிடி. தூக்கு."

நடந்தோம். ஒரு கை என் தோளில், ஒரு கை வயிற்றில். "மெதுவா... பிரேக் போடாதீங்க... வளைவுல நிதானம்" என்று பழக்கதோஷத்தில் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். "வாயை மூடிட்டு வா" என்றார் அண்ணி. ஆனால் தோளை விடவில்லை. இருட்டும்வரை நடந்தோம். விடிந்ததும் மறுபடி தொடங்கினோம். வார்டே கணக்கெடுத்தது. போகும் வரும் போதெல்லாம் எதிர்க் கட்டில்காரி, "ஏதாவது சத்தம் வந்துச்சா?" என்று கேட்பாள். அண்ணி வெட்கத்தில் செத்துப் பிழைப்பார். எனக்கோ பயம். இன்னொரு ஆபரேஷனை அண்ணி தாங்குவாரா? இத்தனை வருடம் சண்டை போட்ட வீட்டில் அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் யாரோடு மல்லுக்கட்டுவேன்?

எட்டு மணிக்கு சர்ஜன் பரிவாரத்தோடு வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் குனிந்தார். அவருக்கு அந்தக் கருவியே தேவைப்படவில்லை. வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது.

முதலில் எதிர்க் கட்டில்காரி கை தட்டினாள். நர்ஸ் தட்டினார். சர்ஜனும் சிரித்துக்கொண்டே, "இனி கத்திக்கு வேலை இல்லை" என்றார். அண்ணி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து, "உங்க அண்ணன்கிட்ட நாசூக்கா சொல்லு. நாலு பேர் இருப்பாங்க" என்று குரல் வந்தது.

"சரி அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினேன். கண்ணில் நீர் முட்டிப் படிகளே சரியாகத் தெரியவில்லை. கூடத்தில் நாற்பது பேராவது இருந்தார்கள். மூலை நாற்காலியில் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். "அண்ணிக்குக் காத்து பிரிஞ்சிடுச்சு!"