இறக்கைக்குக் கீழே மூன்று இலை

காசுக் கிறுக்கு பிடித்த மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? லோர்னாவைக் கேளுங்கள், சொல்வாள். அவள் புருஷன் எல்வுட் ஸ்டால்மனுக்குப் பழைய அமெரிக்க வெள்ளிக் காசுதான் உலகம். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சைக் கையால்தான் வெட்டினார்கள். அதனால் ஒரே வருஷத்துக் காசாக இருந்தாலும் அச்சுக்கு அச்சு ஏதாவது மாறும். ஒரு நட்சத்திரம் தள்ளி நிற்கும், ஓர் இலை கூடும். எந்தக் காசு எந்த அச்சில் விழுந்தது என்று சொல்வதில் எல்வுட்டை மிஞ்ச யார்க் நகரத்தில் ஆள் கிடையாது.

அந்தக் கண்ணைப் பார்த்துத்தானா கடவுள் பிடுங்க வேண்டும்! கொஞ்சம் கொஞ்சமாக மங்கிய பார்வை இந்த வசந்தத்தில் சுத்தமாகப் போய்விட்டது. பிறகு லோர்னாதான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காசுகளைப் பார்த்துச் சொன்னாள். காசு மட்டுமா? வானம், சோளக்கொல்லை, பக்கத்து வீட்டுக்காரியின் புதுத் தொப்பி எல்லாமே அவள் வாயால்தான். எதைச் சொன்னாலும், "நீ சொன்னா சரிதான்" என்பார் எல்வுட்.

ஜூன் மாதம் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பிடிவாதமெல்லாம் இல்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது. தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வாரம்தான் அவர் முன்பே ஏலத்தில் எடுத்திருந்த அரை டாலர் தபாலில் வந்தது. 1795-ஆம் வருஷத்துக் காசு, நன்றாகத் தேய்ந்தது. அந்த வருஷத்துக் காசில் கழுகின் ஒவ்வோர் இறக்கைக்குக் கீழும் இரண்டு இலைதான் இருக்கும். மூன்று இருந்தால் அபூர்வம். ஆயுசு முழுக்க அவர் தேடியது அதைத்தான்.

"எத்தனை இலை?"

லோர்னா பார்த்தாள். இரண்டு. சந்தேகமே இல்லை.

"மூணு," என்றாள்.

பாவி மனுஷன் குழந்தை மாதிரி சிரித்தார். லோர்னா வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். லோர்னா அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

அதோடு விட்டாரா? "வியாழக்கிழமை நம்ம காசு சேக்கறவங்க சங்கத்துக்குக் கொண்டுபோறோம். எப்பவும் என்கூட மல்லுக்கட்டற அந்த பர்க்ஹோல்டர் மூஞ்சியில கரியப் பூசணும்!"

லோர்னாவுக்குப் பகீரென்றது. உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வாள்?

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்தான் சங்கம் கூடும். கூட்டம் என்று பெயர், நடப்பதெல்லாம் சண்டை. ஒருவர் ஓர் அச்சைச் சொன்னால் மற்றவர்கள் இல்லவே இல்லை என்பார்கள்.

"வாடா எல்வுட்! போன தடவை நீ காட்டினது காசா, சட்டைப் பொத்தானா?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார் பர்க்ஹோல்டர்.

"இதைப் பாத்துட்டுப் பேசு."

பர்க்ஹோல்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். எல்வுட்டுக்குப் பின்னால் நின்ற லோர்னா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"மூணுதான்," என்றார் மெல்ல. எழுந்து வந்து எல்வுட்டின் தோளைத் தட்டிக்கொடுத்தார். காசு மேசையைச் சுற்றி வந்தது. பார்த்தவர்களெல்லாம் லோர்னாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணுதான்" என்றார்கள். தங்கமான மனிதர்கள். அவர்கள் காலில் விழலாம் போலிருந்தது அவளுக்கு.

திரும்பும்போது லோர்னா காரை ஓட்டினாள். ஊர் தாண்டியதும் எல்வுட் சொன்னார்:

"ஒருத்தன்கூட சண்டை போடல, லோர்னா."

அவள் காரின் வேகத்தைக் குறைத்தாள்.

"நான் செத்தாகூட பர்க்ஹோல்டர் சவப்பெட்டிகிட்ட வந்து 'அந்த அச்சு இல்லடா'ன்னு மல்லுக்கு நிப்பான். இன்னிக்குத் தோளைத் தட்டிக்குடுக்கறான். ரெண்டுதானே?"

"ரெண்டுதான். நீ ஒரு வாய் சாப்பிடணுமேன்னுதான்..."

"தெரியும்," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையை நீட்டித் துழாவி, அவள் முழங்கையை ஒரு தடவை தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

லோர்னா எப்போதும்போல் வெளியே பார்த்துச் சொன்னாள். "சோளம் இடுப்பளவு வந்துடுச்சு. மேற்குப் பக்கம் வானம் செக்கச்செவேல்னு இருக்கு."

எல்வுட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இருக்கலாம்," என்றார்.