ஜோலார்பேட்டையில் ஒரு ஜோடி ஃபோர்க் பைப்

பாலம் வருதுப்பா என்கிறாள் அக்கா, பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா தொடைகளை இறுக்கிக்கொள்கிறார், பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் நான் கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்கிறேன், மாடு தண்ணீர் குடிக்கக் குனிவதுபோல வண்டியின் முன்பக்கம் குனிந்து நிமிர்கிறது, வலது பக்கம் வடவாறு ஓடுகிறது அல்லது ஓடாமல் நிற்கிறது, வைக்கோல் வண்டி வருதுப்பா, ஒதுங்குறேன், அப்பா சரி என்கிறார், சர்க்கரை அப்பாவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்த வருடங்கள் அவை, பூச்சிமருந்து ஏஜென்சி என்றால் மன்னார்குடியைச் சுற்றி ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுத்தாக வேண்டும், யெஸ்டி மோட்டார் சைக்கிள் இருந்தது, ஓட்டக் கண் இல்லை, அதனால் அக்கா ஓட்டினாள், கல்லூரி முடித்து வீட்டிலிருந்த தமயந்தி அக்கா, பாவாடைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள், கண் தெரியாதவருக்கு வண்டி எங்கே குலுங்கும் என்று தெரியாது, தெரியாவிட்டால் உடம்பு பதறும், ஆகவே எதிரே வருவதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள், பள்ளம்ப்பா, ஆடுப்பா, ஸ்கூல் பசங்கப்பா, நான் அந்தக் குரலைக் கேட்டபடியே டாங்கின் மேல் தூங்கிப்போவேன், இப்போதும் கொட்டகையில் அந்த வண்டியின் துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடுகிறது, பாலம் வருகிறது.

வண்டிக்கு இப்போது முன்பக்கமே இல்லை, சக்கரத்தையும் ஃபோர்க்கையும் கழற்றிவிட்டதால் கழுத்துக்குக் கீழே செங்கல் அடுக்கி, ஹேண்டில் பாரைக் கயிற்றால் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பெயிண்ட் அடித்தாகிவிட்டது, அதே பழைய மரூன் நிறம், எஞ்சின் திருச்சிக்குப் போய்ப் புதிதாகத் திரும்பிவிட்டது, சீட் தைத்தாகிவிட்டது, ஃபோர்க் பைப் இரண்டு மட்டும் இல்லை, முன்சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்து, உள்ளே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, சாலையின் அடியையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் இரண்டு இரும்புக் குழாய்கள், அவைதான் அன்றைக்கு வளைந்தன, கூத்தாநல்லூர் சாலையில் ஒரு மதகுத் திருப்பத்தில் யாரோ கொட்டிவைத்திருந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி மதகுச் சுவரில் மோதியது, நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், ஆனால் பார்த்த மாதிரியே இருக்கிறது, எத்தனையோ பேர் எத்தனையோ முறை சொன்னதில் நானும் அங்கே இருக்கிறேன், அப்பா வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார், அடி ஒன்றும் இல்லை, முட்டியில் கொஞ்சம் தோல் போயிருக்கிறது, சிரிக்கிறார், இதை மட்டும் சொல்லாம விட்டுட்டியேம்மா என்கிறார், அக்கா சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவளை யாரும் ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை, வண்டியால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான், கொட்டகையில் சாய்த்து வைத்தார்கள், அப்பா ஆட்டோவில் போனார், அக்காவுக்குக் கல்யாணமாயிற்று, மஸ்கட், பிறகு அப்பா இல்லை.

இந்தச் சித்திரையில் அக்கா ஒரு மாத லீவில் வருகிறாள் என்று தெரிந்ததும்தான் நான் வண்டியைத் தொட்டேன். அவள் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும், எனக்கு அதற்கு மேல் காரணம் எதுவும் சொல்லத் தெரியவில்லை, போனில் பேசும்போதெல்லாம் அவள் குரல் ஒரே வேகத்தில் இருந்தது, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மெக்கானிக் சவரிமுத்து வளைந்த பைப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, நிமித்திடலாங்க, ஆனா அது வளைஞ்சத மறக்காது, ஆயில் ஒழுகிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் திரும்ப அதே எடத்துல மடங்கும், அக்காவயா உக்கார வெக்கப் போறீங்க என்றார். வேறு வண்டியின் பைப் பருமனில் பொருந்தவில்லை, லேத்தில் கடைந்து வாங்கியது ஸ்பிரிங்கைக் கவ்விக்கொண்டு மேலே வரவே மாட்டேன் என்றது, நான் நடத்தும் கணினி மையத்தைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு, புதுப்பேட்டைக்குப் போனேன், மலைமலையாகக் கதவுகளும் சைலன்சர்களும் குவிந்து கிடக்கும் அந்தத் தெருவில் பழைய பைக் சாமான்களுக்குக் கபூர் பாய் என்று ஒருவர், ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார், பைப் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். தம்பி, அந்தச் சாமான் கடையில வராது, வெச்சிருக்கவன்லாம் வீட்டுல பீரோவுக்கு அடியில வெச்சிருக்கான், வியாபாரிக்குத் தர மாட்டான், ஓட்டப்போற ஆளுக்குத்தான் தருவான், அதனால சாமானைக் கேக்காத, வண்டியோட கதையச் சொல்லு, நான் நாலு பேருக்குச் சொல்றேன், அவன் நாலு பேருக்குச் சொல்லுவான், எவனுக்காவது மனசு எறங்கும். நான் சொன்னேன், அப்பாவின் கண், வடவாறு, மஸ்கட்டிலிருந்து அக்கா வருவது, எல்லாவற்றையும் சொன்னேன், பாய் டீயைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார், நல்லாருக்கு தம்பி, கெடச்சிரும் என்றார்.

பங்குனியில் பாய் போன் செய்கிறார், ஒரு ஜோடி இருக்கு தம்பி, பெட்டி பிரிக்காதது, ஜோலார்பேட்டையில அகஸ்டின்னு ஒரு ரயில்வே சார், ஆனா வேற ஒரு பார்ட்டிக்கு வாக்கு குடுத்துட்டாராம், யாரோ ஒரு லேடியாம், வெளிநாடாம், நீ வேணா போயிக் கெஞ்சிப் பாரு. அந்தப் பெண்ணை நான் வெறுத்தேன், முகம் தெரியாததால் வசதியாக வெறுக்க முடிந்தது, தோல் ஜாக்கெட் போட்டிருப்பாள், இரண்டு கைக்கும் உறை, ஹெல்மெட்டைக் கழற்றினால் குட்டையாக வெட்டிய தலைமுடி, வீட்டில் ஏற்கனவே ஏழெட்டு வண்டிகள் வைத்திருப்பாள், என் வண்டியின் கால்கள் அவளுடைய கூடத்தில் கண்ணாடிக்குள் நிற்கும், ஒரு நாள் கொட்டகையிலேயே கண்ணயர்ந்தபோது அவள் வந்து கயிற்றை அவிழ்த்தாள், செங்கல் சரிந்தது, முன்பக்கம் இல்லாத வண்டியிலேயே ஏறி வடவாற்றுக் கரையில் போனாள், நான் பின்னாலேயே ஓடினேன், அவள் என்னமோ சொல்லிக்கொண்டே போனாள், எனக்குக் கேட்கவில்லை.

அகஸ்டின் சார் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், ரயில்வே கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வீடு, வாசலில் பளபளவென்று ஒரு கறுப்பு யெஸ்டி. பைப்பைக் காட்டினார், காட்டினாரே தவிரக் கையில் தரவில்லை, எண்ணெய்க் காகிதம் சுற்றி இரண்டும் குழந்தைகள் மாதிரிப் படுத்திருந்தன. மன்னிச்சுக்கங்க தம்பி, நான் ஒருத்தங்களுக்குச் சொல்லிட்டேன், இல்லன்னா எனக்கு என்ன, எத்தனையோ பேர் கேட்டாங்க, இந்தம்மா கதையக் கேட்டதும் எனக்கு மனசு கேக்கல, நாங்க எஞ்சின்ல என்ன பண்ணுவோம் தெரியுமா, எதிர்ல ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் டிரைவரும் அசிஸ்டென்ட்டும் ஒருத்தருக்கொருத்தர் வாய்விட்டுச் சொல்லணும், பச்சைன்னா பச்சை, மஞ்சள்னா மஞ்சள், கண்ணு ரெண்டு பேருக்கும் இருக்கு, இருந்தாலும் சொல்லணும், அப்படி நான் ஆயுசுல பாதியை ஓட்டினவன், இந்தம்மா என்னடான்னா கண்ணு தெரியாத அப்பாவைப் பின்னாடி வெச்சுக்கிட்டு, எதிர்ல வர்றதெல்லாம் சொல்லிச் சொல்லியே ஓட்டுமாம், பள்ளம்ப்பா, ஆடுப்பான்னு. எனக்குச் சிரிப்பு வந்தது, பாயிடமிருந்து வேலூர், வேலூரிலிருந்து திருப்பத்தூர், அங்கிருந்து இங்கே, கைமாறிக் கைமாறி வந்ததில் தம்பி எங்கேயோ உதிர்ந்துவிட்டான், அக்கா மட்டும் வந்து சேர்ந்திருக்கிறாள், எனக்கு முன்னால் வந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். சார், அது எங்க அக்கா என்றேன். அவர் பைப்பைக் காகிதத்தால் மூடினார். போன வாரம் ஒருத்தன் வந்து நான்தான் அவங்க வீட்டுக்காரர்னான் தம்பி, அதுக்கு முன்னாடி ஒருத்தன், அந்தப் பெரியவரே எங்க மாமாதான்னான், கதை ஊருக்கெல்லாம் தெரியும். சார், வடவாறு சார், பூச்சிமருந்து சார், டாங்க் மேல நான்தான் சார் உக்காந்திருப்பேன். கதையில பையன் யாரும் இல்லியே தம்பி என்றார் அகஸ்டின் சார், வருத்தமாகத்தான் சொன்னார், அவங்களையே கூட்டிட்டு வாங்க, இது அவங்களுக்குன்னு எடுத்து வெச்சது.

அக்கா வந்த மறுநாளே சொல்லிவிட்டேன். கொட்டகையில் நின்று வண்டியைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள், கயிற்றைத் தொட்டாள், செங்கல்லைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டாள், ஏண்டா, ஊர் பூரா என் கதையைச் சொல்லி வெச்சிருக்கியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா. ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்க்கா. ஜோலார்பேட்டைல ஒரு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை, ரொம்ப ஆச்சரியமாத்தான் இருக்கு. போக மாட்டேன் என்றாள், அப்புறம் அவர்கிட்ட நாமளா போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடணும், பாவம் வேற யாருக்காவது குடுப்பாரு என்றாள், நான் டிக்கெட் எடுத்தேன். ரயிலில் அவள் ஜன்னலோரம், வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன, நீ என்ன நெனச்சுக்கிட்டிருக்க, நான் ஏதோ சந்தோஷமா ஓட்டினேன்னா என்று திடீரென்று கேட்டாள், கை ஒண்ணை ஓட்டும், வாய் ஒண்ணை ஓட்டும், பின்னாடி அவரு, முன்னாடி நீ, ராத்திரி படுத்தா தூக்கத்துலகூட லாரி வருதுப்பான்னு சொல்லுவேன், அம்மா எழுப்பி விடுவாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டேதான்க்கா சொன்னாரு அன்னைக்கு. தெரியும்டா, நானும் பார்த்தேன், ஆனா மணல் என் கண்ணுல பட்டுச்சு, சொல்லலை, சொல்ல நேரமில்லையா, இல்லை ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு ஓட்டிப் பார்ப்போம்னு இருந்தேனா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. டீ விற்பவர் வந்தார், இரண்டு வாங்கினாள், சூடா இருக்கு, பார்த்துக் குடி என்றாள்.

நான் கற்பனை செய்ததுபோலவே அகஸ்டின் சாரும் என் பின்னால் ஒரு தோல் ஜாக்கெட்டைத் தேடியிருக்க வேண்டும், கசங்கிய பருத்திச் சுடிதாரில், முட்டிவலிக்குப் படியில் கையூன்றி ஏறி வந்த அக்காவைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார், வாங்கம்மா, உக்காருங்கம்மா, நீங்கதானா அது என்றார். நான்தான் சார், ஆனா எனக்கு இது வேணாம்னு சொல்லத்தான் வந்தேன், இப்பல்லாம் நான் ஓட்டறதில்ல, எனக்கு மறந்தே போச்சு. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். சரிம்மா, அதுக்கென்ன, என் வண்டியவாவது பாத்துட்டுப் போங்க, இத்தனை தூரம் வந்திருக்கீங்க என்று வாசலுக்கு அழைத்துப்போனார், அக்கா கறுப்பு யெஸ்டியின் எஞ்சினில் விரலை வைத்தாள், சூடா இருக்கே சார், காலைல எடுத்தீங்களா, ஆமாம்மா பால் வாங்க, சாவி வண்டியிலேயே தொங்கியது, திருப்பினாள், அவள் கால் அதற்குள் தானாகவே கியர் கம்பியிடம் போயிருந்தது, இந்த வண்டியில் கியர் கம்பிதான் கிக்கரும், உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கராகும், தெரியாதவர்கள் கிக்கரைத் தேடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார்கள், அவள் தேடவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே அழுத்தினாள், திருப்பினாள், இடது முட்டி வலிக்கும் என்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோல ஒரு நொடி நின்றாள், பிறகு உதைத்தாள், முதல் உதையில் இல்லை, இரண்டாவதில் வண்டி டுபுடுபுவென்று எழுந்தது, கேட்டு வரைக்கும் போயிட்டு வரட்டா சார் என்று கேட்டாள், பதிலுக்கு நிற்கவில்லை.

கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். சற்று நேரத்தில் கேட் இறங்கியது, ஒரு சரக்கு ரயில் வந்தது, முடிவே இல்லாததுபோல வந்துகொண்டிருந்தது, அதன் சத்தத்தில் வண்டியின் சத்தம் கரைந்துபோயிற்று. ஓட்டுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா பெட்ரோல் ரொப்பி வெச்சிருப்பேன் தம்பி என்றார் அகஸ்டின் சார். உள்ளே போய் எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார், நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அக்கா வரட்டும் சார். வேணாம் தம்பி, வந்தப்புறம் குடுத்தா நான் பரீட்சை வெச்ச மாதிரி ஆயிடும், இப்பவே பிடிங்க. அப்புறம், வந்துடுவாங்கல்ல என்றார். ரயில் போய் முடிந்தது, கேட் மேலே ஏறியது, சைக்கிள்களும் ஆட்டோக்களும் வந்தன, அவள் வரவில்லை, நாங்கள் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம், தூரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது, இல்லை, வேறு வண்டி, இல்லை, அதுதான். கொண்டை அவிழ்ந்து, கண்ணாடியை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள், எங்கள் முன்னால் வந்து பிரேக் பிடித்தாள், அணைக்கவில்லை, இறங்கவில்லை, ஏறுடா என்றாள். எங்கேக்கா. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு நல்லா இருக்கு. அம்மா, அது என் வண்டிம்மா என்றார் அகஸ்டின் சார். அதான் சார் கேட்டுட்டுப் போறேன் என்றாள்.

நான் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன், பொட்டலத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டேன், கடைகள் போயின, ஒரு நாய் குறுக்கே வந்தது, அவள் சொல்லவில்லை, ஒரு பள்ளம், சொல்லவில்லை, எனக்குக் கண் தெரியும் என்பதாலா, அவள் தோளுக்கு மேலாக நானே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன், தண்டவாளம் வந்தது, முன்பக்கம் குனிந்து நிமிர்ந்தது, என் தொடைகள் தாமாக இறுகிக்கொண்டன, மடியில் இருந்த இரண்டு பைப்பும் ஒன்றோடொன்று மோதிக் கணீரென்றன, என்னடா சத்தம் என்றாள் திரும்பாமலே, பைப்புக்கா, சார் குடுத்துட்டாரு, விழாம பிடிச்சுக்கோ என்றாள், கியரை மாற்றினாள், அதற்கப்புறம் சாலையைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டே போனாள்.