தண்டைக் கடித்துத் தூங்குகிறவர்கள்

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றால்தான் தெரியும். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பீங்கானில் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. மெல்லிய பிரஷ்ஷால் பீங்கான் குழம்பைத் தொட்டுத் தொட்டு வைத்து, சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறம் வரும்வரை தீட்டுவாள். டீ குடித்துப் பழுப்பேறிய வாய் என்றால் புதுப் பல்லிலும் கொஞ்சம் டீக்கறை வைத்துவிடுவாள். "பளிச்சுன்னு இருந்தா ஊருக்கே தெரிஞ்சுபோயிடும்ல" என்பாள்.

அதேபோல் இன்னொரு பிரஷ் வீட்டு மொட்டை மாடியிலும் இருந்தது. அது பூசணிக்கொடிக்கு.

சுற்றிலும் இரும்புக் கிடங்குகள், தகரக் கூரைகள், சந்து முழுக்க சிமெண்ட். அந்தத் தெருவுக்கு ஒரு வண்டு வழி தவறிக்கூட வந்ததில்லை. தொட்டியில் வைத்த கொடி முதல் வருஷம் பந்தல் கொள்ளாமல் படர்ந்தது. பூத்தது. பிஞ்சுகள் கட்டைவிரல் அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேரவில்லை என்று பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சேர்த்துவைக்க ஆள் இல்லையென்றால் நானே சேர்த்துவைக்கிறேன் என்று பிரஷ்ஷை எடுத்தாள். விடிந்ததும் மாடி ஏறி, ஆண் பூவில் மஞ்சள் பொடியை ஒற்றியெடுத்து, பெண் பூவின் நடுவில் தடவிவிட்டு வருவாள்.

கணவன் லிப்ட் மெக்கானிக். "காலங்காத்தால தரகு வேலைக்குக் கிளம்பியாச்சா? இன்னைக்கு எத்தனை கல்யாணம்?" என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்பான்.

"சிரிங்க, சிரிங்க. காய் வந்ததும் முதல் ஆளா தட்டைத் தூக்கிட்டு வருவீங்கல்ல."

அவனுடைய தங்கை பஸ் கண்டக்டர். அந்த ஊர் டிப்போவுக்கு மாற்றலாகி வந்தவள் கீழ்த்தளத்தில் குடியேறினாள். ஓடுகிற பஸ்ஸில் பின்வாசல்வரை கேட்க வேண்டிய குரல் அது. வீட்டில் கொஞ்சம் உப்பு கேட்டாலும் அதே குரல்தான்.

வீட்டுக்கும் பக்கத்துக் கிடங்குக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய கல்லும் காரையும் அங்கேதான் குவிந்திருந்தன. நாத்தனார் விடுமுறை நாட்களில் அதையெல்லாம் வாரி வெளியேற்றினாள். ரோஜாவோ குரோட்டன்ஸோ வரப்போகிறது என்று பல்லக்கா நினைத்தாள். வந்தது தும்பை, ஆவாரை, நொச்சி, கிலுகிலுப்பை. கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கும் நேரத்தில் ரோட்டோரம் இறங்கி விதை பொறுக்குவாள் நாத்தனார். டிக்கெட் பையில் சில்லறையோடு சில்லறையாக அவை வீடு வந்து சேரும்.

"ரோட்டோரக் குப்பையை எல்லாம் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்துலயே நட்டு வச்சிருக்கியே, பாம்பு வந்தா என்ன பண்றது?"

"குப்பை இல்ல அண்ணி. இந்த மண்ணுலயே பொறந்து வளர்ந்தது. தண்ணிகூட அதிகம் கேக்காது. நாமதான் பொழைக்க வந்தவங்க."

"அந்த மூலையாவது மொட்டையா கெடக்கே, ஏதாவது வைக்கக் கூடாதா?"

"அதை அப்படியே விட்டுடுங்க. மண்ணுக்குள்ள வீடு கட்டுற தேனீ இருக்காம், போன்ல படிச்சேன். வந்தா வரட்டும்."

"வாடகைக்கு விளம்பரம் குடுத்திருக்கியா?"

பல்லக்காவுக்கு அந்த இடத்தில் சிமெண்ட் கல் பதித்து ஸ்கூட்டரை நிறுத்த வேண்டும். வெயிலில் நின்று நின்று சீட் கிழிந்துவிட்டது. மாடியில் மனைவி, கீழே தங்கை. இரண்டு பேருக்கும் நடுவில் கணவன் லிப்ட் மாதிரி ஏறி இறங்கினான். கடைசியில் மனைவி பக்கம் சாய்ந்து மேஸ்திரியிடம் சொல்லிவைத்தான். கைவேலை முடிந்ததும் வருவதாக மேஸ்திரி சொன்னார். தங்கையிடம் இதைச் சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் பூசணி பூக்கத் தொடங்கிய சமயத்தில் பல்லக்கா ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கைவரை மாவுக்கட்டு.

வலியைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. விரல் பழையபடி மடங்குமா? மயிரிழை பிசகினாலும் அவள் தொழிலில் பல் பல்லாக இருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பூசணிக்கு மகரந்தம் வைக்கிறேன் என்று கணவன் ஒருநாள் போனான். ஸ்பானர் பிடித்த கை. பெண் பூவைப் பிஞ்சோடு பிய்த்துக்கொண்டு வந்து நின்றான்.

"தொட்டதும் வந்துடுச்சுடி."

"போதும். இந்த வருஷம் காய் வேண்டாம். விட்டுடுங்க."

அதன்பின் அவள் மாடிப் பக்கமே போகவில்லை. உதிர்கிற பிஞ்சுகளைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

சில வாரம் கழித்து, தண்ணீர்த் தொட்டி கழுவப் போன கணவன் மேலேயிருந்து கத்தினான். "ஏய், சீக்கிரம் வா! மெதுவா வா! படியைப் பிடிச்சுக்கிட்டு சீக்கிரம் வா!"

போனாள். பந்தலுக்கு அடியில் குனிந்தாள். இலைகளுக்கு நடுவே பூசணிக்காய்கள் தொங்கின. குழந்தைத் தலை அளவில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பந்தல் கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் கைபட்டுக் காய்த்த எந்த வருஷத்திலும் இவ்வளவு காய்த்ததில்லை. குளிர்ந்த தோலில் இடது உள்ளங்கையை வைத்தபடி அப்படியே நின்றாள்.

இருட்டிய பிறகு வீடு திரும்பிய நாத்தனார் பையைக் கழற்றுவதற்குள் பல்லக்கா முன்னால் போய் நின்றாள். "நீதானே பண்ணினே?"

"எதை?"

"மாடிப் பூசணியை. மறைக்காதே."

"நல்லா கேட்டீங்க. விடியறதுக்கு முன்னாடி முதல் பஸ்ல விசில் ஊதிட்டு நிக்கிறவ நான். எப்ப அண்ணி மாடி ஏறுவேன்?"

கேலி இல்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பல்லக்கா மாடியேறி, பந்தலுக்கு எதிரே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். பூக்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. நாத்தனாரின் பஸ் எந்நேரமோ டிப்போவிலிருந்து கிளம்பியிருக்கும். அப்போது ஒரு ரீங்காரம் கேட்டது. தூரத்து மோட்டார் என்று நினைத்தாள். அது பக்கத்தில் வந்தது.

கன்னங்கரேலென்ற பெரிய வண்டு ஒன்று ஆண் பூவுக்குள் தலைகுப்புற விழுந்து புரண்டது. எழுந்தபோது உடம்பெல்லாம் மஞ்சள். அப்படியே தள்ளாடிப் பறந்து பெண் பூவுக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே சிறிய தேனீக்கள் வந்தன. அந்த மாதிரி தேனீயை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. கருத்த வயிற்றில் வரி வரியாக நீலம். நீலம் என்றால் வெறும் நீலம் இல்லை. வெயில் பட்டதும் உள்ளிருந்து விளக்கேற்றியது போன்ற நீலம். எந்தப் பூவிலும் அவை நிலைகொள்ளவில்லை. அந்தரத்தில் நின்று, நுழைந்து, வெளியேறி, அடுத்த பூ. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் நின்று, கண்ணை இடுக்கி அவள் இத்தனை வருஷமாகச் செய்துவந்த வேலையை அவை போகிற போக்கில் செய்துவிட்டுப் போயின. ஒரு பூவைக்கூட விடவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவை போகும் திசையைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே இறங்கின. எட்டிப் பார்த்தாள். நாத்தனாரின் துண்டு நிலம்.

அன்று மாலை பொழுது சாயும் வேளையில் முதல் தடவையாக அதற்குள் போனாள். நீல வரித் தேனீக்களைத் தேடினாள். சத்தமே இல்லை. கூடும் எங்கும் இல்லை. திரும்பலாம் என்று நினைத்தபோதுதான் காய்ந்த கிலுகிலுப்பைத் தண்டு கண்ணில் பட்டது. அதில் ஏதோ வரிசையாக ஒட்டியிருந்தது. காய் என்று நினைத்துக் குனிந்தாள்.

தேனீக்கள். ஒன்றன்பின் ஒன்றாக, தண்டு நெடுக. கால் எதையும் பிடித்திருக்கவில்லை. கால்களை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, தாடையால் மட்டும் தண்டைக் கடித்தபடி, உடம்பை அந்தரத்தில் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. காற்றில் தண்டு ஆடியது. அவையும் ஆடின. ஒன்றின் கடிகூட நழுவவில்லை.

பல்லக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடி என்பது அவளுடைய தொழில். மேல்வாயும் கீழ்வாயும் எங்கே பொருந்துகின்றன, எந்தப் பல்லில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று பார்த்தே வயது போயிருந்தது. மெல்லுவதற்கு, சிரிப்பதற்கு, கோபத்தில் நறநறவென்று கடிப்பதற்கு, இதற்கெல்லாம் பல் செய்திருக்கிறாள். கடித்துக்கொண்டு இவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இது தினமும் நடந்திருக்கிறது. அவள் படுக்கும் அறைக்கு நேர் கீழே நடந்திருக்கிறது. கல் பதிக்க வேண்டும் என்று அவள் சண்டை போட்ட நாளிலும் நடந்திருக்கும்.

மறுநாள் மேஸ்திரி கல் வண்டியோடு வந்து இறங்கினார். கையில் மண்வெட்டி. பல்லக்கா மாவுக்கட்டுக் கையோடு ஓடிவந்து வழியை மறித்தாள்.

"வேண்டாம் மேஸ்திரி. கல்லு போட வேண்டாம்."

"என்னம்மா விளையாடுறீங்களா? நீங்கதானே போடணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க?"

"நின்னேன். இப்ப ரெண்டு காலையும் ஊனிச் சொல்றேன். வேண்டாம்."

"வண்டியில ஏத்தி இறக்கின கல்லும்மா. நான் எங்க கொண்டுபோய்ப் போடுவேன்?"

"வாசல்ல போடுங்க, ஸ்கூட்டர் அங்க நிக்கட்டும். அந்த வேலை இன்னைக்கே முடிஞ்சிடும். பொழுது சாயும்போது நான் ஒண்ணு காட்டுறேன். பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வாசல் வேலையை முடித்தார் மேஸ்திரி. கணவன் அன்று சீக்கிரமே வந்துவிட்டான். நாத்தனாருக்கு அன்று பணி நேரம் மாறியிருந்ததால் அவளும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். வாசலில் கல்லைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன அண்ணே இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

 பல்லக்கா நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "உன் செடிக்கு ஒண்ணும் ஆகல. கத்தாதே. கொஞ்ச நேரம் மட்டும் கத்தாதே. வா."

எல்லோரையும் தண்டுக்கு முன்னால் உட்காரவைத்தாள். தேனீக்கள் வந்துகொண்டிருந்தன. வந்த ஒன்று இடம் பார்த்து இறங்கி, பக்கத்தில் இருந்ததைத் தள்ளிவிட்டு, தண்டைக் கடித்து, கால்களை ஒவ்வொன்றாக மடக்கி அடங்கியது.

"பஸ்ல சீட்டுப் பிடிக்கிற மாதிரியே பிடிக்குது" என்று நாத்தனார் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு மெல்லிய குரல் வந்து யாரும் கேட்டதில்லை. விதை பொறுக்கி, கல் சுமந்து, நீர் ஊற்றி இதையெல்லாம் வளர்த்தவள் அவள்தான். ஆனால் வேலை நாளில் பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்பி, விடுமுறை நாளில் பொழுது சாயும் முன்பே அசந்து தூங்கிவிடுகிறவளுக்கு இதைப் பார்க்க ஒரு நாளும் கொடுத்துவைக்கவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணி, இதுங்க எல்லாம் ஆம்பளைத் தேனீயாம். பொம்பளைங்க மண்ணுக்குள்ள வீட்டுல தூங்குமாம். படிச்சிருக்கேன். இப்படி இருக்கும்னு நினைக்கல."

"வீட்டுல சேர்க்கலையா, பாவம்" என்றான் கணவன். யாரும் சிரிக்கவில்லை. அவனே கூட.

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "எத்தனை இடத்துல இப்படிக் கல்லு போட்டு மூடியிருப்பேன்" என்றார்.  எழுந்திருக்கும்போது, "என் வீட்டுப் பின்னாடி கையகல இடம் இருக்கு. ரெண்டு விதை குடும்மா" என்று நாத்தனாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கட்டு அவிழ்த்த பிறகு பல்லக்காவின் விரல்கள் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தன. அடுத்த மழைக்குள் எதிர்க் கிடங்கின் சுவரோரம் நொச்சி துளிர்த்தது. கிடங்குக்காரர் சிமெண்ட்டைப் பெயர்த்துத் தானே நட்டது அது. மேஸ்திரி சொல்லித்தான் நட்டாராம். தெருமுனை சலூன்காரர் ஆவாரைக்குப் பாத்தி கட்டினார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை, "பேசாம பாருங்க, தூங்குதுங்க" என்று பல்லக்கா வாயில் விரல் வைத்து உள்ளே விடுவாள்.

நாத்தனாருக்கு விடுமுறை என்றால் மாலையில் இருவரும் அங்கேதான். பேச ஆயிரம் இருந்தும் பேசமாட்டார்கள். நீலம் முதலில் மங்கும், பிறகு தண்டு மங்கும், பிறகு எதுவுமே தெரியாது. தெரியாமல் போன பின்பும் இரண்டு பேரும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.