பேர் உதிர்ந்த பை

பழுப்புத் தோலின் மேல் அம்மாவின் கட்டைவிரல் ஊர்ந்துகொண்டிருக்கிறது, மேலே, கீழே, பூட்டுக்கு அடியில், எழுத்து விழுந்த தடம் எங்காவது தட்டுப்படுமா என்று தேடுகிறாள், பசை காய்ஞ்ச பிசுக்குகூட இல்லியேடி என்று முனகுகிறாள், நான் பாத்திரம் துலக்கியபடி ம் ம் என்கிறேன், இப்போதும் கனவில் இந்த இடம் வரும்போதெல்லாம் சொல்லிவிடத் துடிக்கிறேன், அம்மா, அதற்கு எழுத்தே கிடையாது, கனவிலும் ம் ம் என்றுதான் வருகிறது, அன்றைக்கு எனக்கும் தெரியாதே. அண்ணி சாருமதியின் பை அது, முதல் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது, அடுத்த வருஷமே அவர் போய்விட்டார், பெரிய கம்பெனிதான், ஆனால் பெயரை உள்மடிப்பில் அரிசி அளவுக்கு அழுத்தியிருப்பார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்கிற ரகம், எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும், நாங்கள் பார்த்த பைகளிலெல்லாம் பித்தளை எழுத்து பல்லைக் காட்டும். கோமளா சித்தியின் பையில் வடை அளவுக்கு இரண்டு, அந்தச் சித்திதான் ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி ஆரம்பித்தாள், என்னக்கா, ஐடில வேலை பாக்குற மருமக, பிளாட்பாரத்துல எடுத்த பையோட வந்திருக்கா, அம்மாவுக்கு முகம் செத்துப்போனது, அப்பா இல்லாத பொண்ணு, நம்ம வீட்டுக்கு வந்து பேச்சு வாங்குறாளே என்று வழியெல்லாம் புலம்பினாள், நல்ல பைதான், எழுத்து விழுந்திருக்கும் என்று முடிவும் கட்டினாள்.

அண்ணி குளிக்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பையைத் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு புரசைவாக்கத்து ஜிப் ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறாள், எழுத்து விழுந்துபோச்சுப்பா, போட்டுக் குடு, எந்த எழுத்தும்மா, எல்லாரும் எது வெச்சிருக்காங்களோ அது. அடடா, எவ்வளவு ஆசையாய் நீட்டினாள், சாரு, இனிமே ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா பாரு, தோலைத் துளைத்து அறைந்த இரண்டு எழுத்துகள், அதுவும் வேறொரு கம்பெனியுடையவை, அண்ணி உள்ளே கைவிட்டாள், ஆணி முனை விரலில் குத்தியது, எங்கப்பா கையால குடுத்தது அத்தை என்றாள், அவ்வளவுதான், அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை என்று அண்ணன் கத்துகிறான், விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்டா, அம்மா அதையே சொன்னாள், சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள், தூக்கத்திலும் சொன்னாள். அண்ணி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அண்ணன் வேளச்சேரியில் தனி வீடு பார்த்தான், அட்வான்ஸ் கொடுப்பதுதான் பாக்கி, ஒரு பைக்காகவா வீடு இரண்டாகும், கர்மம்.

அடுத்த மாதம் சித்தி மகளுக்கு வளைகாப்பு, அண்ணி வரமாட்டாள் என்றே நினைத்தோம், வந்தாள், தோளில் அதே பை, மனசு ஆறிவிட்டதா, வேறு பை இல்லையா, யாருக்குத் தெரியும், சித்தி விடுவாளா, கிட்டே வந்து எழுத்தை நகத்தால் சுரண்டி, ஐயே, டூப்ளிகேட்டு, எவன்மா ஒன்ன ஏமாத்துனது என்று சிரிக்கிறாள், கூடமே திரும்புகிறது, அம்மா குனிந்த தலை நிமிரவில்லை, இந்த நிமிஷம் பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவாள். ஆமா சின்னத்தை, டூப்ளிகேட்டுதான், அண்ணி பையை முன்னால் இழுத்துக் காட்டினாள், பை எங்கப்பா குடுத்தது, எழுத்து எங்கத்தை போட்டது, ரெண்டும் அப்படியே இருக்கட்டும். அம்மா சபையென்றும் பாராமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விம்மினாள், அண்ணி பக்கத்தில் போய், எழுந்திரிங்க அத்தை, சாப்பிடலாம் என்று கையைப் பிடித்தாள், ஒரு மாதத்தில் அம்மாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு.