கத்தி படாத கண்

அப்பா சூசைமரியானுக்குப் பார்வை உள்ள கண் ஒன்றுதான். அதில் லேசர் வைத்துப் புரை எடுத்தார்கள். அதே வாரம் சகாய ஆண்டனி மாமாவுக்கும் புரைதான்; அவருக்குக் கத்தி வைத்துச் சாதா ஆபரேஷன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதல் வகுப்புக் கண் ஒன்றும் பொதுப்பெட்டிக் கண் ஒன்றும் இருந்தன.

மாமா போனில் அலாரம் வைத்து, அடித்ததும் அண்ணாந்து சொட்டு மருந்து விடுவார்.

“எனக்குக் கத்தியே படல மச்சான். சொட்டெல்லாம் கீறுன கண்ணுக்குத்தான்” என்று அப்பா தம் பாட்டிலையும் அவருக்கே கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை அப்பாவின் கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. “யார்றா அது வாசல்ல?” என்றார். எதிரே நின்றது நான்.

மாமாவும் நானும் அப்பாவைத் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் காரைக்குடி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். “உள்ள வீக்கம். லேசர்ல கொஞ்சம் கம்மியா இருக்கலாம், இல்லாமலே போகாது. சொட்டு ஒழுங்கா விட்டீங்களா?”

அப்பா மாமாவைக் காட்டினார். “மச்சான் விட்டாக.”

“பார்வை திரும்பிருமா டாக்டர்?” என்றேன்.

“மணிக்கு ஒரு தடவை விடுங்க. மூணு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். “பயப்படாதீக அத்தான்” என்றார் மாமா. அப்பாவின் கை என் முழங்கையை விடவில்லை.

மாமாவின் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. அவர் பாட்டிலைத் திறப்பதற்குள் அப்பா அண்ணாந்துவிட்டார், கீழிமையைத் தாமே இழுத்துப் பிடித்தபடி.